பஸ் வீடு நேராக ஓட மறுக்கிறது: ஸ்டியரிங்கா, ஸ்பிரிங்கா?

உவர்மலை வாத்தியார்

திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஒரு வாகனத்தின் அடிப்பக்கத்தைப் படுத்துக் கிடந்து பார்ப்பது இந்த வயதில்தான் வாய்த்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய சுற்றுலா பஸ்ஸை வாங்கி வீடாக மாற்றினேன். அசோக் லேலண்ட் வைகிங். எஞ்சின் முன்னால், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். சக்கர இடைத்தூரம் 222 அங்குலம், மொத்த நீளம் 36 அடி. ஆசனங்கள் போன இடத்தில் இரண்டு கட்டில், சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி, வாலில் ஒரு குளியலறை. கதிர்காமம், நல்லூர், திருக்கேதீஸ்வரம் என்று மனைவியின் பட்டியல் நீண்டது. விடுதித் தலையணை அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இத்தனை செலவுக்கும் மூலகாரணம் அந்தத் தலையணைதான்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வரை சாதுவான வண்டி. அதைத் தாண்டினால் நேராகப் போவதில்லை. இடப்பக்கம் மெல்லச் சரியும், திருப்பினால் வலப்பக்கம் போகும், மறுபடி திருப்பவேண்டும். கந்தளாய் போய்ச் சேருவதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடும். எதிரே லொறி வந்து கடக்கும்போது முதலில் மூக்கு விலகுகிறது, அரைக் கணம் கழித்து வால் தனியாக அசைகிறது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிண்ணியாப் பாலத்தில் ஏறவே பயமாக இருக்கிறது. 396 மீற்றர்தான், ஆனால் அவ்வளவு தூரமும் நான் மூச்சு விடுவதில்லை. இதோடு, வீதியில் சிறிய பள்ளம் வந்தாலும் முன்பக்கம் துள்ளி விழுகிறது. அலுமாரிக் கதவுகளைக் கயிற்றால் கட்டியிருக்கிறோம்.

வால் இரண்டு அங்குலம் தாழ்ந்திருப்பதைப் பார்த்த ஒரு கராஜில் பின்பக்க ஸ்பிரிங்குகளுக்கு ஒவ்வொரு பட்டை கூட்டினார்கள். வால் நிமிர்ந்தது. ஆனால் அலைச்சல் அதற்குப் பிறகு கூடியிருக்கிறது. திரும்பப் போனபோது ஸ்டியரிங் பொக்ஸின் திருகை இறுக்கிவிட்டார்கள். இப்போது வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதில்லை, நான்தான் இழுத்துக் கொண்டுவரவேண்டும். இன்னும் ஒவ்வொரு பட்டை போடலாம் என்கிறார்கள்.

போடலாமா? இல்லை, வேறு ஏதாவது பார்க்கவேண்டுமா?

ரொறன்ரோவில் ஒரு திருமலையான்

ஐயா, வணக்கம். நான் பிறந்தது வில்லூன்றிப் பக்கம், இருப்பது கனடாவில். இங்கே என்னிடம் இருப்பது ஃபோர்ட் எஃப்53 சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், மேல் கட்டிய வீட்டு வண்டி. சக்கர இடைத்தூரம் 228 அங்குலம், உங்களுடையதை விட ஒரு சாண் கூட அதிகமில்லை. நீங்கள் எழுதிய ‘மூக்கு விலகி, பிறகு வால் அசைவது’ எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய டிரக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் மனைவி என் முழங்கையைப் பிடிப்பாள்.

எஃப்53 வைத்திருப்பவர்கள் முதலில் செய்வது காசில்லாத வைத்தியம். வண்டி பக்கவாட்டில் உருளாமல் பிடிக்கிற ஸ்டெபிலைசர் கம்பியின் நுனியில் இரண்டு துளைகள் இருக்கும். தொங்கு இணைப்பைக் கழற்றி உள்பக்கத் துளைக்கு மாற்றினால் கம்பியின் புயம் குறுகும், கம்பி விறைக்கும், சாய்வு குறையும். முன்னும் பின்னும் மாற்ற எனக்கு ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. அடுத்து, பின் அச்சு பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு குறுக்காகக் கட்டுகிற பனார்ட் கம்பி. வால் அசைவுக்கு எனக்கு உதவியது அதுதான். ஸ்டியரிங்கின் உதறலை உறிஞ்சுகிற டம்பரும் போட்டேன். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங்கைக் கையில் இருந்து பறிக்காமல் அது காக்கும் என்ற நிம்மதி இருக்கிறது. ஆனால் அலைச்சலை அது குணப்படுத்தவில்லை, மறைத்தது.

உங்கள் பஸ்ஸில் ஸ்டெபிலைசர் கம்பி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அதன் ரப்பர் புஷ்கள் உயிரோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பழைய டிப்போக் கை

மாஸ்டர், இன்னொரு பட்டை போடவேண்டாம். போட்ட பட்டையையும் கழற்றவேண்டி வரும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் டிப்போவில் இருபத்தாறு வருடம் பஸ்களுக்கு அடியில் கிடந்தவன். ரொறன்ரோத் தம்பி சொன்னது எதுவும் பிழையில்லை. ஆனால் அவருடைய வண்டி தொழிற்சாலையில் வீடாகப் பிறந்தது. உங்களுடையது ஐம்பது பேரை ஏற்றப் பிறந்த வண்டி. அந்த ஐம்பது பேரும் வண்டி முழுக்கப் பரவி உட்கார்ந்தார்கள். நீங்கள் எதை, எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. குளியலறை வாலில் என்றால் தண்ணீர்த் தாங்கியும் அங்கேதானா? எத்தனை லீற்றர்?

ஒரு சாமானும் வாங்குவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் மேடை இருக்கிறது. அறுவடைக் காலம் இல்லாவிட்டால் கேட்டால் விடுவார்கள். பயணம் போகும்போது இருப்பதைப் போலவே தண்ணீர், காஸ், டீசல், சமையல் சாமான், நீங்கள் இருவர் என்று எல்லாம் ஏறியிருக்கவேண்டும். முன் அச்சு மட்டும் ஒரு நிறை, பிறகு முழு வண்டி, பிறகு பின் அச்சு மட்டும். முடிந்தால் இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றியும் ஒரு நிறை எடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை இரண்டு. எஞ்சினை ஓடவிட்டு, சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டவேண்டும். நீங்கள் கீழே இருந்து ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் பொக்ஸில் இருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ரொட்டின் முனைகள், ஸ்டியரிங் பொக்ஸைச் சேசிஸோடு பிடிக்கும் பொல்ட்டுகள். அசைவு ஒரு பக்கத்தில் புகுந்து மறுபக்கத்தில் தாமதமாக வந்தால் அந்த மூட்டு போய்விட்டது.

மற்றது கிங் பின், முன் சக்கரம் இடம் வலம் திரும்புவதற்கான முளை. முன் அச்சை ஜக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின். ஜக்கை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டவேண்டாம், தடிமனான மரக்கட்டை வையுங்கள். நான் பார்த்தவற்றை இங்கே எழுத விருப்பமில்லை.

ஸ்டியரிங் பொக்ஸ் திருகை உடனே பழைய இடத்துக்குத் தளர்த்தச் சொல்லுங்கள். அந்தப் பொக்ஸ் நேராகப் போகும்போது இறுக்கமாகவும் இரு பக்கமும் திரும்பும்போது தளர்வாகவும் இருக்கும்படி வெட்டப்பட்டது. டிராக் லிங்கைக் கழற்றி, நடுவைக் கண்டுபிடித்து வைத்த பிறகுதான் திருகைத் தொடலாம். மற்ற மூட்டுகளின் தேய்மானத்தை இதில் இறுக்கிச் சரிக்கட்டப் பார்த்தால் பொக்ஸ்தான் சாகும்.

உவர்மலை வாத்தியார்

அண்ணன், எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பலகாமத்தில் ஓர் ஆலையில் நிறுத்தேன். ஆலைக்காரர் என்னிடம் படித்தவராம், எனக்கு முகம் ஞாபகம் இல்லை. முன் அச்சு 3,480 கிலோகிராம். பின் அச்சு 7,260. மொத்தம் 10,740. இடப்பக்கம் 5,640, வலப்பக்கம் 5,100.

தண்ணீர்த் தாங்கி 800 லீற்றர். குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று வாலில், பின் அச்சுக்குப் பின்னால் 100 அங்குலத்தில் வைத்தேன். ஆலை முற்றத்தில் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. பதினோராம் வகுப்புக் கணக்கு. பின் அச்சுத்தான் பலகைக்கு நடுவில் வைத்த கல். வாலில் 800 கிலோகிராம், 100 அங்குலத்தில். மறுபக்கத்தில் முன் அச்சு, 222 அங்குலத்தில். 800 ஐ 100 ஆல் பெருக்கி 222 ஆல் வகுத்தால் 360. அந்தத் தாங்கி முன் சக்கரங்களில் இருந்து 360 கிலோகிராமைத் தூக்கிக்கொண்டிருக்கிறது. பின் அச்சின் தலையில் விழுவது 800 அல்ல, 1,160. வால் தாழ்ந்ததும் அதனால்தான்.

முப்பத்தொரு வருடம் இதைப் பலகையில் வரைந்தவன் நான். சீசோப் படம் வரைந்து, ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி என்று வண்ணச் சுண்ணாம்பில் காட்டியவன். வீட்டில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, குளியலறையை எங்கே மாற்றப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

சோதனைகளும் செய்தேன். வலப்பக்கக் கிங் பின்னில் ஆட்டம். மருமகன் பிரேக் மிதித்தும் நிற்கவில்லை. அதே பக்க டை ரொட் முனையும் தளர்ந்திருக்கிறது. முன் இடப்பக்க ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ பொல்ட்டுகளில் ஒன்றின் நட்டைக் கையாலேயே திருப்ப முடிந்தது! மூன்று வருடமாக உப்புக் காற்றில் கடலோரம் நிறுத்தியதன் பலன் பட்டைகளுக்கு இடையில் செதில் செதிலாகத் துருவாக உதிர்கிறது. ஸ்டெபிலைசர் கம்பி முன்னால் இருக்கிறது, அதன் புஷ்கள் இருந்த இடத்தில் கறுப்புத் தூள் இருக்கிறது.

கிண்ணியா லொறி

சேர், நான் மணலும் சீமெந்தும் ஏற்றுகிறவன். உங்கள் பஸ்ஸை ஒருநாள் பாலத்தில் கடந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். பச்சை நிறம், பின்னால் ஒரு ஏணி. நான் கடந்தபோது ஆடியது உங்களுடையது என்றால் மன்னிக்கவும்.

எனக்குப் புரியாதது ஒன்று. 800 லீற்றர் தண்ணீரைத் திருகோணமலையில் இருந்து கதிர்காமம் வரை ஏன் சுமக்கிறீர்கள்? அங்கே மாணிக்க கங்கையே ஓடுகிறது. வழிக்கு 100 லீற்றர் போதும், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். பாதி நிறைந்த தாங்கி முழுதாக நிறைந்ததை விட மோசம், தண்ணீர் அலைமோதும். பவுசர் ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத தாங்கியை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்ப யாரும் விரும்புவதில்லை.

முன் டயர் இரண்டும் என்ன டயர்? ரீபில்ட் டயர், பழைய டயரில் புதுப் பூ ஒட்டியது, முன்னால் இருந்தால் இன்றைக்கே பின்னால் மாற்றுங்கள். பின்னால் இரட்டைச் சக்கரம், ஒன்று போனாலும் மற்றது தாங்கும். முன்னால் போனால் கடல்தான். ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலோன், மறுபக்கம் ரேடியல் என்று கலந்திருந்தாலும் வண்டி இழுக்கும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1615 என்றால் 2015 ஆம் ஆண்டின் பதினாறாவது வாரம். உங்கள் வண்டி ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம். பூ அப்படியே இருக்கும், ரப்பர் உள்ளே வெடித்திருக்கும். பூவைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

காற்றுக்கு மருந்து இல்லை. 36 அடிச் சுவர் அது. கச்சான் காலத்தில் நான் பாலத்தை விடியற்காலையில் கடப்பேன், இல்லாவிட்டால் 40 இல் போவேன். பின்னால் ஹோர்ன் அடிப்பவன் அடிக்கட்டும்.

பழைய டிப்போக் கை

மாஸ்டர், கணக்கை நீங்களே போட்டுவிட்டீர்கள். இனி நான் ஏன் அந்தப் பட்டையைக் கழற்றச் சொன்னேன் என்பதையும் கணக்காகவே சொல்கிறேன், உங்களுக்கு அதுதான் விளங்கும்.

சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள், மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவது பெரும்பாலும் அந்தச் சாய்வால்தான். பஸ்ஸில் கிங் பின்னுக்கும் அதே சாய்வு உண்டு, காஸ்டர் என்போம். பின்பக்கத்தைத் தூக்கினால் முழுச் சேசிஸும் மூக்குக் குத்தும், கிங் பின்னும் அதோடு முன்னால் வரும், சாய்வு குறையும். 222 அங்குலத்துக்கு 2 அங்குலம் தூக்கினால் எத்தனை பாகை என்று பாருங்கள்.

ஏற்கெனவே முன்னால் பாரம் இல்லை, சாய்வையும் குறைத்தாகிவிட்டது. பிறகு எப்படி நேராக ஓடும்?

துள்ளலுக்கும் காரணம் அங்கேதான். முன் ஸ்பிரிங் அடுக்கு ஐம்பது பேருக்காகப் போட்டது. உங்கள் 3,480 கிலோகிராமுக்கு அது வளையவே வளையாது. துருவும் சேர்ந்து பட்டைகளை ஒட்டிவைத்திருக்கிறது. கழற்றி, ஒவ்வொரு பட்டையாகத் துருச் சுரண்டி, கிரபைட் கிறீஸ் பூசி அடுக்குங்கள். உடைந்த பட்டை இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும். ஷொக் அப்சோபரில் எண்ணெய் கசிந்திருந்தால் இரு பக்கமும் சோடியாக மாற்றுங்கள்.

வேலை செய்யும் ஒழுங்கு முக்கியம். முதலில் பாரத்தை இடம் மாற்றுங்கள். பிறகு தேய்ந்த மூட்டுகள். பிறகு ஸ்பிரிங். வண்டி தன் உயரத்தில் நின்ற பிறகுதான் எலைன்மென்ட், சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. முதலிலேயே எலைன்மென்ட் செய்தால் அந்தக் காசு வீண். காஸ்டர் அப்போதும் போதாவிட்டால் முன் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் இரும்பு ஆப்பு வைக்கலாம். உங்கள் வண்டியில் அச்சு ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது, ஆகவே தடித்த பக்கம் வண்டியின் பின்னோக்கி இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் இப்போது இருப்பதை விட மோசமாகும். இதை மாற்றி வைத்த ஒரு கெட்டிக்காரனோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

உவர்மலை வாத்தியார்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். அரைப் பாகைக்குக் கொஞ்சம் மேல் வந்தது அண்ணன், உங்கள் கேள்விக்குப் பதில்.

தாங்கியைத் தூக்கி எறிந்துவிட்டேன். பதிலாக 400 லீற்றர்த் தாங்கிகள் இரண்டு, சேசிஸின் இரு பக்கமும் பழைய பயணப் பொதிப் பெட்டிகளுக்குள், பின் அச்சுக்கு முன்னால் 60 அங்குலத்தில். ஒவ்வொன்றிலும் இரண்டு தடுப்புத் தகடு. 60 அங்குலத்தில் இருக்கும் 800 கிலோகிராம் முன் அச்சுக்கு 216 கொடுக்கிறது. முன்பு களவு போன 360 உம் திரும்பி வந்தது. ஆக முன் அச்சில் 576 கூடி 4,056 வரவேண்டும் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு ஆலைக்குப் போனேன். மேடை 4,040 காட்டியது. அந்தப் பதினாறு கிலோகிராம் வித்தியாசத்தைப் பற்றி ஆலைக்காரர் வகுப்பில் கேட்பதைப் போலக் கேள்வி கேட்டார். வாங்க வேண்டியதுதான். பின் அச்சு 6,660. மொத்தத்தில் குறைந்த 40 இல் கழற்றிய இரண்டு பட்டைகளும் அடக்கம்.

இடப்பக்கக் கட்டிலுக்குக் கீழே இருந்த நான்கு பற்றரிகளை, ஒவ்வொன்றும் 60 கிலோகிராம், வலப்பக்கம் மாற்றினேன். பக்க வித்தியாசம் 540 இல் இருந்து ஏறக்குறைய 60 ஆகிவிட்டது. நம் வீதிகள் இடப்பக்கம் சரிந்தவை, அதனால் அந்தப் பக்கம் கொஞ்சம் இழுக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிப் பழியை வீதியின் மேல் போட்டிருக்கிறேன்.

கிங் பின் சோடி, டை ரொட் முனைகள், முன் யூ பொல்ட் நான்கும், ஸ்டெபிலைசர் புஷ்கள், முன் ஷொக் அப்சோபர் இரண்டும் புதிது. முன் இடப்பக்கம் மூன்றாவது பட்டை நடுப் பொல்ட்டுக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது, வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. எலைன்மென்டுக்கு முன் நானே டயரின் நடுவில் ஆணியால் கோடு கிழித்து, அச்சுக்கு முன்னாலும் பின்னாலும் அளந்து பார்த்தேன். சக்கரங்கள் முன்பக்கம் 4 மில்லிமீற்றர் அகன்று நின்றன. உள்நோக்கி இருக்கவேண்டியவை வெளியே பார்த்துக்கொண்டு நின்றால் வண்டி எங்கே போகும்? ஆப்பு தேவைப்படவில்லை.

கிண்ணியா நானா, முன் டயர் ரீபில்ட்தான். வாங்கியபோதே இருந்தவை. பின்னால் போனவற்றில் ஒன்றின் இலக்கம் உங்களுக்குச் சொல்லமாட்டேன். வலது முன் டயரில் 78 உம் இடதில் 95 உம் காற்று இருந்ததையும் சொல்லாமல் விட்டிருக்கலாம். பச்சை பஸ் என்னுடையதுதான்.

சென்ற வெள்ளிக்கிழமை மூதூர் வழியாக வெருகல் முருகன் கோயிலுக்குப் போய்வந்தோம். தாங்கிகள் முழுக்க நிரப்பித்தான், சோதிக்கவேண்டும் அல்லவா. 60 இல் ஒரு கையால் பிடித்து ஓட்ட முடிகிறது. லொறி கடந்தால் ஒரு சிறிய தள்ளல், அவ்வளவுதான், வால் தனியாக ஆடுவதில்லை. வளைவில் விட்டால் ஸ்டியரிங் தானாக வந்து நடுவில் நிற்கிறது. பாலத்தில் காற்று இன்னும் தள்ளுகிறது, நானா சொன்னபடி 40 இல் போனேன், இரண்டு பேர் ஹோர்ன் அடித்தார்கள். அலுமாரிக் கயிறுகளை அவிழ்த்துவிட்டோம். திரும்பி வரும்போது ஒரு போத்தல் ஊறுகாய் விழுந்து உடைந்தது, அது தோப்பூர்ப் பக்கத்து வேகத்தடையைக் கவனிக்காத என்னுடைய பிழை.

தம்பி சொன்ன பனார்ட் கம்பி இப்போதைக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. பின் ஸ்பிரிங் புஷ்களை மாற்றியதே போதுமாக இருக்கிறது.

பழைய டிப்போக் கை

நல்லது மாஸ்டர். புது யூ பொல்ட் போட்டு எத்தனை கிலோமீற்றர் ஓடியாகிவிட்டது? பட்டைகள் படிந்ததும் நட்டு தளரும். மறுபடி முறுக்கினீர்களா?

உவர்மலை வாத்தியார்

இல்லை அண்ணன். நாளை காலை முதல் வேலை அதுதான்.